கனடா பீஆர் காட் (நிரந்தர வதிவிட அட்டை) முடிஞ்ச ஆக்கள் கவனம், திருகோணமலையில எங்கட மாமிக்கு நடந்தது

டவுனுக்குள்ள கனடா அலுவல் பாத்துத் தாறம் எண்டு போர்ட் போட்டிருக்கிற ஒரு ஏஜென்ட்டால மாமி பட்ட பாடு இது. பேர் போடேல்ல, ஆனா இதே கதையோட வேற ஆக்களும் ஏமாறுவினம் எண்டுதான் எழுதுறன்.

மாமி கனடாவில, ஸ்காபரோவில மகனோட இருந்தவ, பீஆர். மாமா ஊரோடதான், அவருக்குக் கிட்னி பழுதாகி டயலிசிஸ் எண்டு வந்தவுடன இஞ்ச உப்புவெளிக்கு வந்து கூடவே நிண்டு பாத்தா, அவரும் தவறி, அந்தியேட்டி துடக்கு எல்லாம் முடிஞ்சு திரும்பிப் போவம் எண்டு பாக்கேக்க காட் முடிஞ்சு கனகாலம். காட் இல்லாம பிளேன்ல ஏத்தமாட்டாங்கள் தானே.

அந்த ஏஜென்ட் சொன்னது, "அம்மா காட் முடிஞ்சா பீஆரும் போச்சு, இனி விசிட் விசாதான், ரெண்டரை லட்சம், நான் எடுத்துத் தாறன்." அரைவாசிக் காசு முதலே வாங்கி, பாஸ்போட்டையும் வாங்கி லாச்சிக்குள்ள வச்சிட்டார். ரிசீட் எண்டு ஒரு துண்டு, அதில எதுக்குக் காசு எண்டே இல்ல.

முழுப் பொய். காட் முடியிறது வேற, பீஆர் போறது வேற. கனடாக்காரன் விசாரிச்சு அங்க இருந்த நாள் காணாதெண்டு முடிவெடுத்து, அப்பீல் காலமும் தாண்டினால்தான் போகும், இல்லாட்டி நீங்களா எனக்கு வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கோணும். உவர் செய்யப் பாத்தது அந்த ரெண்டாவதுதான். "விசா போம்" எண்டு சொல்லி மாமியிட்ட கையெழுத்துக்கு நீட்டினது ஐஎம்எம் 5782, பீஆரை விருப்பத்தோட கைவிடுற போம். அதுக்குக் கனடா ஒரு சதமும் எடுக்கிறேல்ல, உவருக்குத்தான் லட்சக்கணக்கு. மாமி மகனைக் கேட்டுட்டுப் போடுறன் எண்டு வாட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பினபடியா தப்பினா.

மகன் போன் எடுத்துக் கத்தினவுடன ஆள் கதையை மாத்திட்டார், அப்ப நாளைக் கூட்டிக் காட்ட ஸ்காபரோவில வாடகைக்கு இருந்த மாதிரி ஒரு கடிதம் செய்வமாம். அந்தக் கள்ளக் கடிதம் பிடிபட்டா பீஆரும் போய் 5 வருசம் உள்ள விடமாட்டாங்கள், மாட்டுறது மாமி, உவர் இல்ல.

உண்மையில கேக்கவேண்டியது பீஆர் ட்ரவல் டொக்குமென்ட் (காட் இல்லாத பீஆர் ஆள் கனடாவுக்குத் திரும்பிப் போற பத்திரம்), போம் ஐஎம்எம் 5444, கட்டணம் 50 கனடா டொலர். கடைசி 5 வருசத்துக்குள்ள 730 நாள் கனடாவில இருந்திருக்கோணும், தொடர்ந்து இருக்கோணும் எண்டில்ல, கூட்டிப் பாக்கிறது. கனடா சிட்டிசனான புருசனோட இல்லாட்டி மனிசியோட வெளியில இருந்த நாளும் சேரும், மாமிக்கு அது இல்ல. நாள் காணாட்டியும் மனிதாபிமானக் காரணம் எழுதலாம், ஆனா சும்மா ரெண்டு வரி எழுதி அனுப்பிடாதேங்கோ, மறுத்தா பீஆரே போற அலுவல். மறுத்தா 60 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், கடைசி 365 நாளுக்குள்ள கனடாவில நிண்டிருந்தா அப்பீல் நடக்கேக்க அங்க போகவும் ட்ரவல் டொக்குமென்ட் கிடைக்கும். நாங்கள் ஆஸ்பத்திரித் துண்டுகள், டயலிசிஸ் கிளினிக் கொப்பி, மரணச் சான்றிதழ், பிள்ளையள் எல்லாம் அங்க எண்டதுக்கு ஆதாரம் எல்லாம் வச்சு அனுப்பியிருக்கிறம். முடிவு இன்னும் வரேல்ல.

உந்த ஏஜென்ட் ஒருக்காக்கூட பாஸ்போட் சீலுகளைப் பாத்து எத்தின நாள் அங்க நிண்டனீங்கள் எண்டு கேக்கேல்ல. அதைக் கேக்காதவருக்கு இந்த அலுவல் தெரியாது, இல்லாட்டித் தெரிஞ்சுகொண்டே செய்யிறார். காசு வாங்கிக்கொண்டு செய்யிறதெண்டா கனடா லோயராவோ, கியூபெக் நோட்டரியாவோ, குடிவரவு ஆலோசகர் கொலிஜ்ல (ஆலோசகர்மாரைப் பதியிற கனடா அமைப்பு) பதிஞ்ச ஆளாவோ இருக்கோணும், கொலிஜ் பதிவை ஒன்லைன்லயே பேர் போட்டுப் பாக்கலாம். உவற்ற பேர் அதில இல்ல.

பாஸ்போட்டைப் பொலிசுக்குப் போறம் எண்டாப்பிறகுதான் தந்தவர். காசு இன்னும் தரேல்ல, போனும் எடுக்கிறேல்ல. உங்கட ஆக்கள் ஆரும் அங்க பாஸ்போட் குடுத்திருந்தா, காசைப் பிறகு பாக்கலாம், பாஸ்போட்டை முதல் வாங்குங்கோ, என்ன போமில கையெழுத்துப் போட்டது எண்டு கொப்பியும் கேளுங்கோ.