வாசலுக்குக் கிராப் ஆப்பிளா, பூவரசா, புன்னையா?

போன மே மாதத்துக்கு முந்தின மே மாதம், தம்பி மகள் டொராண்டோவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். தெருவோரம் ஒரு கிராப் ஆப்பிள் மரம், இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்புப் பூ. "அத்தை, நம்ம வீட்டு வாசல்லயும் இதை வைங்களேன்" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இணையத்தில் ஒரு கன்று வரவழைத்து, பாம்பனை அடுத்த தங்கச்சிமடத்தில் எங்கள் வாசலில் வைத்தேன். ஒன்றரை வருடம் தாங்கியது.

அழகில் அதற்குக் குறையே சொல்ல முடியாது. ஆப்பிள் இனம்தான், ஆனால் பழம் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மரமும் பெரும்பாலும் 15 முதல் 25 அடிதான் வளரும் என்பதால் சின்ன வாசலுக்குப் பொருத்தம். பழம் புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும், ஜெல்லி செய்வார்கள். சில ரகங்களில் இலை உதிர்ந்த பிறகும் பழம் கிளையிலேயே தொங்கும், பனிக்காலத்தில் பறவைகளுக்கு அதுதான் தீனி.

ஆனால் அந்தப் பூவுக்குக் குளிர் வேண்டும். இலையை உதிர்த்துவிட்டு மரம் உறங்க வேண்டும், 7 டிகிரியை ஒட்டிய குளிர் பல நூறு மணி நேரம் பட வேண்டும். அப்போதுதான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். பாம்பன் பக்கம் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வேரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அதில் பயனில்லை, குளிர் பட வேண்டியது மொட்டில். என் கன்றில் நுனியில் மட்டும் நாலு இலை துளிர்த்தது, கீழே எல்லாம் வெறும் குச்சி.

மண்ணும் ஒத்துவரவில்லை. அதற்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். நம்முடையது சிப்பியும் பவளக்கல் தூளும் கலந்த சுண்ணாம்பு மணல். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளிறி மஞ்சளானது. அப்புறம் ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று உப்பை வாரி அடித்தபோது ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

பூவரசுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு போத்தை வெட்டி ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். காலையில் பூத்த பூ மஞ்சள் கிண்ணம் போல இருக்கும், உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. சாயங்காலம் செம்மை ஏறிச் சுருங்கிவிடும். ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூவையும் பார்க்கலாம். நிழலும் சீக்கிரம் கிடைக்கும், இலை கொழுக்கட்டைக்கு ஆகும். குறை என்றால் கம்பளிப்பூச்சியும் ஓயாத குப்பையும்தான். கிராப் ஆப்பிள் மாதிரி ஒரே வாரத்தில் மரம் முழுக்கப் பூக்காது. ஆண்டில் பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும், எனக்கு அது போதும்.

கடலுக்கு நேர் எதிரே வீடு என்றால் புன்னையைத்தான் சொல்வேன். தோல் போன்ற பளபளப்பான இலை, உப்புக் காற்றுக்கு அசையாது. வெள்ளைப் பூ, நடுவே பொன்னிற மகரந்தக் கொத்து, நல்ல மணம். உருண்டைக் காயும் கிட்டத்தட்ட கிராப் ஆப்பிள் அளவுதான், ஆனால் தின்பதற்கில்லை. அந்தக் காலத்தில் விளக்குக்கு அதன் எண்ணெயை எரித்தார்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பொறுமை வேண்டும். விதையை ஓட்டோடு போட்டால் முளைக்க மாதக்கணக்கில் ஆகும். பருப்பு நசுங்காமல் ஓட்டை உடைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். பெரிய மரம் ஆகும் என்பதால் சுவரை விட்டு 20 அடியாவது தள்ளி வையுங்கள்.

கிராப் ஆப்பிள் நின்ற குழியில் இப்போது பூவரசம் போத்து ஊன்றியிருக்கிறேன். கிணற்றடியில் ஒரு புன்னை முழங்கால் உயரம் வந்திருக்கிறது. ஆடு கடிக்காமல் இருக்க இரண்டையும் சுற்றிப் பனைமட்டை வேலி கட்டியாயிற்று.