ப்ளூ கௌராமி: சென்னை வீட்டில் வளர்த்ததும் குஞ்சு எடுத்ததும்

வீட்டில் புதிதாக மீன் தொட்டி வைக்கப் போகிறேன், என்ன மீன் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் கோல்டு ஃபிஷ் வேண்டாம் என்பேன். அது குளிர்ந்த தண்ணீர் மீன். சென்னை மே மாதத்தில் அதைப் போட்டுப் படுத்தி எடுக்கிறோம், கழிவும் ஏராளம். ப்ளூ கௌராமி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் பல வருடங்களாக நீந்திக்கொண்டிருப்பது அதுதான். இதுவரை ஹீட்டர் வாங்கியதில்லை. மார்கழியில் தண்ணீர் 24 டிகிரிக்கு இறங்கும், அக்னி நட்சத்திரத்தில் 31, 32 வரை ஏறும். இரண்டையும் அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் மலிவு மீன்தானே, சின்னத் தொட்டி போதும் என்று நினைப்பவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது. கடையில் பார்க்கும்போது கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒழுங்காகத் தீனி போட்டால் நான்கு அங்குலம் தாண்டும், ஐந்தைத் தொடுவதும் உண்டு. கண்ணாடிக் கிண்ணம், மேஜை மேல் வைக்கிற ஒரு அடித் தொட்டி எல்லாம் ஆகாது. என்னுடையது மூன்றடித் தொட்டி. நீளம் 36 அங்குலம், அகலமும் உயரமும் 15. சுமார் 130 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு ஆண், மூன்று பெண், கூடக் கொஞ்சம் டெட்ரா என்ற குட்டி மீன்கள், அடியில் மேய கோரிடோரஸ் என்ற மீசை மீன். அவ்வளவுதான். இரண்டு ஆண்களை ஒன்றாகப் போட்டால் ஒன்று ராஜா, இன்னொன்று ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்து வாழும் அகதி. இந்த அளவுத் தொட்டியில் சமாதானத்துக்கு வழியே இல்லை.

தண்ணீரைப் பற்றி ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்டுப் பயன்படுத்தலாம். போர் தண்ணீர் கடினமானது, ஆனாலும் இந்த மீன் பழகிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். ஃபில்டர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் சதுப்பு, வயல், தேங்கிய வாய்க்கால் இதெல்லாம் அதன் சொந்த ஊர். தண்ணீரை வேகமாக அடிக்கிற பவர் ஃபில்டர் வைத்தால் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். ஸ்பான்ஜ் ஃபில்டரே சரி.

வளர்க்க வளர்க்கத்தான் இதன் குணம் தெரியும். வயிற்றுக்குக் கீழே இருந்து நூல் மாதிரி இரண்டு துடுப்புகள் நீளும். புதிதாக ஒரு கல்லை வைத்தாலும் சரி, புது மீன் வந்தாலும் சரி, முதலில் அந்த நூலை முன்னால் நீட்டித் தொட்டுப் பார்க்கும். அதில் சுவை அறியும் செல்கள் உண்டு. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் என் மணிக்கட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, இது தின்கிற பொருள் இல்லை என்று முடிவு செய்து திரும்பிப் போகும். இந்த நூல்களுக்காகவே டைகர் பார்பைக் கூடப் போடக் கூடாது. கடித்தே தீர்த்துவிடும்.

இன்னொரு உபகாரமும் உண்டு. செடித் தொட்டியில் ஹைட்ரா, அதாவது கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு குஞ்சுகளைப் பிடிக்கும் நூல் போன்ற சின்ன உயிர், வந்துவிட்டால் பலர் மருந்து தேடி அலைவார்கள். ஒரு ப்ளூ கௌராமியை விட்டால் அதுவே தேடித் தேடித் தின்னும்.

இந்த மீனுக்கு நான் முழு மதிப்பெண் போடுவது மூச்சு விஷயத்தில். செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்று ஒரு உறுப்பு, மடிப்பு மடிப்பாக, நிறைய ரத்தக் குழாய்களோடு இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, ஏர் பம்ப் இல்லை, தொட்டியில் ஒரு குமிழி இல்லை. பக்கத்து வீட்டு கோல்டு ஃபிஷ் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கௌராமிகள் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தன. டெட்ராக்களுக்காகத்தான் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: மூச்சுக்குக் கவலையில்லை என்பதால், கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்துக்கும் கவலையில்லை என்று ஆகாது. ஃபில்டர் ஓடாத நாட்களில் தீனியை நிறுத்திவிட வேண்டும். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியில் சாகாது.

இப்படிக் காற்றை விழுங்குகிற மீன் நம் ஊருக்குப் புதிதல்ல. பனையேறிக் கெண்டை இதே வகைதான். ஃபைட்டர் மீனுக்குச் சொந்தக்காரனான ஒரு குட்டி மீன் நம் குளம் குட்டைகளிலேயே இருக்கிறது. விஞ்ஞானிகள் வைத்த பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததை வைத்து 1831-இல் விவரித்தார்கள், பெயரில் இருக்கிற குபானஸ் அந்தக் குப்பம்தான். கடைகளில் அதைத் தேடினால் கிடைப்பது கஷ்டம், தாய்லாந்து ஃபைட்டர் மீன் நாலு தெருவுக்கு ஒரு கடையில் கிடைக்கும்.

மற்ற கௌராமிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்வார்ஃப் கௌராமி பார்க்க மிக அழகு, நீலமும் சிவப்பும் கோடு கோடாக மின்னும். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன், ஒரு வகையில் நம் நாட்டுச் சரக்கு. ஆனால் பண்ணைகளில் நெருக்கமாக வளர்ந்து வருகிறவற்றில் இரிடோவைரஸ் என்ற நோய் இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது. நிறம் மங்கி, புண் வந்து, வயிறு வீங்கிப் போய்விடும். நான் வாங்கியவை எதுவும் நிலைக்கவில்லை. இனி வாங்குவதாகவும் இல்லை. ஹனி கௌராமி சாது, இரண்டடித் தொட்டிக்கு ஏற்றது. கிஸ்ஸிங் கௌராமி கடையில் குட்டியாக, ரோஸ் நிறத்தில் ஆசை காட்டும், பிறகு உள்ளங்கையை மீறி வளரும். ஜெயன்ட் கௌராமியைப் பற்றி வீட்டுத் தொட்டிக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், அது சாப்பாட்டுக்கு வளர்க்கிற மீன். கோல்டு கௌராமி, ஓபலைன் என்று விற்பவை எல்லாம் ப்ளூ கௌராமியேதான், நிறம்தான் வேறு. ஒன்றோடொன்று சேர்ந்து குஞ்சும் வைக்கும்.

வாங்கும் இடம் சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூர்தான், வேறென்ன. ஆணையும் பெண்ணையும் பிரிக்க முதுகுத் துடுப்பைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது பின்பக்கம் கூராக நீண்டு வால் அடி வரை போகும். பெண்ணுக்குக் குட்டையாக, முனை உருண்டையாக இருக்கும். ஆனால் இது வளர்ந்த மீனுக்குத்தான் பொருந்தும். "அண்ணே, ஒரு ஆண் மூணு பெண் பார்த்துப் பிடிச்சுக் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். "சார், இந்த சைஸ்ல அதுக்கே தெரியாது. ஆறு எடுத்துட்டுப் போங்க, வளர்ந்ததும் மிச்சத்தைக் கொண்டாந்து கொடுங்க." வியாபாரப் பேச்சு மாதிரி இருந்தாலும் சரியான யோசனை அதுதான்.

இனி குஞ்சு எடுக்கும் கதை. முட்டை போட வைப்பது சுலபம். குஞ்சைக் காப்பாற்றுவதுதான் வேலை. கௌராமி பிரீடிங் ஈஸி என்று சொல்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

தனியாக ஒரு இரண்டடித் தொட்டி வேண்டும். தண்ணீர் அரை அடி உயரம் போதும். கல், மணல் எதுவும் வேண்டாம். மேலே சால்வீனியா என்ற மிதக்கும் செடி கொஞ்சம் விட்டு, ஒரு மூலையில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடிக் கொத்தும், உடைந்த பூந்தொட்டி ஒன்றும் வையுங்கள். பெண் ஓடி ஒளிய இடம் இல்லையென்றால் ஆண் அதன் துடுப்பைக் கிழித்துவிடும். நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் லேசாக டீ நிறத்துக்கு மாறும், மீனுக்கும் அது பிடிக்கும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்து கொசுப்புழு, டியூபிஃபெக்ஸ் என்ற சிவப்புப் புழு என்று உயிர்த் தீனியாகக் கொடுக்க வேண்டும். மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தாலே கொசுப்புழு வந்துவிடும். தினமும் வடிகட்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மாநகராட்சி ஆள் வந்து திட்டுவார், திட்டுவதும் நியாயம்.

பெண்ணின் வயிறு உப்பியதும் முதலில் ஆணை விடுங்கள், மறுநாள் பெண்ணை. ஃபில்டரை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் அலையக் கூடாது. ஆண் மேலே போய்க் காற்றை வாயில் எடுத்து, எச்சில் கலந்து, குமிழி குமிழியாக ஊதும். சால்வீனியா வேருக்கு அடியில் ஒரு கை அகலத்துக்கு நுரைக் கூடு உருவாகும். அந்த நேரத்தில் அதன் நிறமே மாறிப் போகும், உடம்பு கருநீலமாக இருளும்.

முட்டையிடுவதைப் பார்க்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஆனால் விட்டுவிடாதீர்கள். பெண் தயாரானதும் கூட்டுக்கு அடியில் வந்து ஆணின் விலாவை முகத்தால் இடிக்கும். ஆண் வில்லாக வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு அப்படியே வயிறு மேலாகத் திருப்பும். ஒரு நடுக்கம். அவ்வளவுதான், ரவை மாதிரி முட்டைகள் பரவி மேலே எழும்பும். அந்த முட்டையில் எண்ணெய் இருப்பதால் தானாகவே மிதக்கும். பக்கவாட்டில் போனவற்றை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஊதிவிட்டு மறுபடி வரும். இப்படி மணிக்கணக்கில் நடக்கும். ஒரு பெண் சில நூறு முட்டையிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் இடும். முடிந்ததும் ஆண் பெண்ணை விரட்ட ஆரம்பிக்கும், உடனே பெண்ணை எடுத்துவிட வேண்டும்.

நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். குஞ்சு என்றால் மீன் மாதிரி எல்லாம் இருக்காது, கூட்டிலிருந்து தொங்கும் இமை முடி. கீழே விழுந்தால் அப்பன் பிடித்து மேலே ஒட்டும். மூன்று, நான்கு நாட்களில் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பிக்கும். அன்றைக்கே ஆணையும் எடுத்துவிடுங்கள். பிள்ளைப் பாசம் அதோடு முடிந்தது, அடுத்து அது தீனியாகத்தான் பார்க்கும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். கப்பி குஞ்சுக்குக் கொடுக்கிற பவுடர் தீனி இதன் வாய்க்குள் நுழையாது. இன்ஃபுசோரியா வேண்டும், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஜோடி சேர்க்கும் நாளிலேயே இதையும் தொடங்கிவிட வேண்டும். அகல வாய் பாட்டிலில் பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு முட்டைக்கோஸ் இலையோ காய்ந்த வாழைப்பழத் தோலோ போட்டு, வெளிச்சம் படுகிற ஜன்னலில் வைத்தால் முதலில் கலங்கி நாறும். சில நாளில் கலங்கல் தெளிந்து, நாற்றம் குறைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தூசி நகர்வது போலத் தெரியும். அப்போதுதான் அது தயார். நாறும்போதே எடுத்து ஊற்றினால் குஞ்சுகள் காலி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பனியன் துணியில் பிழிந்து கொடுப்பவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சரி, ஆனால் தண்ணீரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். பண்ணைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, சிமென்ட் தொட்டியில் சாணம் கரைத்துவிட்டால் நுண்ணுயிர் தானாகப் பெருகும். அடுக்குமாடி வீட்டில் அதை யார் அனுமதிப்பார்கள்.

ஒரு வாரம், பத்து நாளில் ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால் வகைக்கு மாறலாம், அதன் முட்டை டப்பாவில் விற்கும். லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு போட்ட தண்ணீரில் அந்த முட்டையைக் கொட்டிக் காற்று விட்டால் அடுத்த நாள் பொரிந்திருக்கும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரியும், தின்னாதது எது என்று அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த கண்டம் மூன்றாவது, நான்காவது வாரம். லேபிரிந்த் உறுப்பு அப்போதுதான் உருவாகும், குஞ்சுகள் முதன்முதலாக மேலே வந்து காற்றை விழுங்கும். அந்தக் காற்று தண்ணீரைப் போலவே சூடாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். திறந்த தொட்டியில் மேலே ஃபேன் காற்று, ஏசி காற்று பட்டால் கொத்துக் கொத்தாகச் சாகும். தொட்டியைக் கண்ணாடியாலோ சமையலறை க்ளிங் ராப்பாலோ மூடி, ஓரத்தில் சிறு இடைவெளி விட்டால் போதும். பெட்ரூம் ஏசி இருக்கிற அறையில் இந்தத் தொட்டியை வைக்கவே வேண்டாம். தண்ணீர் மாற்றுவதும் ஏர் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான்.

அதைத் தாண்டிவிட்டால் பிறகு கவலை குறைவு. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் வளராது, பெரிசு சின்னதைத் தின்னும். வாரம் ஒருமுறை சலித்துப் பிரிக்க வேண்டும். ஆயிரம் முட்டையில் அறுபது எழுபது தேறினாலே வீட்டுத் தொட்டிக்கு அதிகம். உண்மையில் அதற்குமேல் தேறினால் வைக்க இடமும் இருக்காது.

காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றரை அங்குலம் வளர்ந்த ப்ளூ கௌராமிக்குக் கடைக்காரர் கொடுக்கிற விலையில் ஆர்ட்டீமியா டப்பாவின் மூடி கூட வராது. நான் பணம் கேட்பதில்லை, தீனியாகவோ செடியாகவோ மாற்றிக்கொள்கிறேன். மிஞ்சினவற்றை ஏரியில் கொண்டுபோய் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். காற்றைக் குடித்து எந்தச் சாக்கடையிலும் பிழைக்கிற மீன் அது, நம் பனையேறிக் கெண்டைக்கும் அந்த அரியாங்குப்பத்துக் குட்டிக்கும் போட்டியாக நின்றுவிடும்.

இப்போது தொடங்குகிறவராக இருந்தால், கொஞ்சம் கூடுதல் செலவுக்குத் தயார் என்றால், பேர்ல் கௌராமியையும் பாருங்கள். அளவு கிட்டத்தட்ட இதேதான், சண்டை குறைவு, உடம்பு முழுக்க முத்து தூவினாற்போல இருக்கும், ஆணின் மார்பு ஆரஞ்சாகச் சிவக்கும். பயந்த சுபாவம் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லாத மூலை வேண்டும், குஞ்சு எடுக்கப் பொறுமையும் கூடுதலாக வேண்டும். பிள்ளைகள் ஓடியாடும் ஹாலுக்கு என்றால் ப்ளூதான்.