மதுரையைச் சுற்ற வேனா, ஆட்டோவா, நடையா?

மதுரைக்கு வரும் உறவுக்காரர்கள் "எந்த டூர் நல்லது?" என்று கேட்பார்கள். எத்தனை இடம் காட்டுகிறார்கள், ஆளுக்கு எவ்வளவு என்று இரண்டை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது மணியை. மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30 வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வெயில் ஏறிவிட்டால் மாசி வீதியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல நடக்க முடியாது. பருத்திப்பால் வண்டியும் கறிதோசைக் கல்லும் களைகட்டுவது பொழுது சாய்ந்த பிறகு. அந்த நேரங்களில் நம்மை ஊருக்குள் வைத்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு டூரையும் எடைபோடுகிறேன்.

வேனில் கூட்டிப்போகும் ஒரு நாள் பேக்கேஜ் இங்கேதான் அடிவாங்குகிறது. காலை 9 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குள் இறக்கிவிடுவார்கள். கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில் என்று பட்டியல் நீளமாக இருக்கும். அழகர்கோவில் மட்டுமே ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் ஓட்டமும் நடையுமாக ஒரு மணி நேரம், மகாலில் அரை மணி நேரம். 1636இல் கட்டிய மகாலில் இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான், பெரும்பகுதி போய்விட்டது என்பதைக்கூடச் சொல்ல நேரமில்லாமல் தூண் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் முட்டி வலிக்கும் அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் நான் வேனைத்தான் சொல்வேன். ஏசி இருக்கிறது, வாசலில் இறக்கிவிடுகிறார்கள். உச்சி வெயிலில் காந்தி மியூசியத்துக்குள் இருப்பதும் நல்ல ஏற்பாடு. ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

அதே காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில். இன்று கீழே கதர்க்கடை. அந்த நெரிசலில் வேனை நிறுத்த முடியாது என்பதால் எந்தப் பேக்கேஜ் பட்டியலிலும் அது வராது. ஆட்டோ அந்த இடத்தில் நிற்கும். ஆட்டோவின் பலமே இதுதான்: நினைத்த இடத்தில் நிற்கலாம், பிடிக்காத இடத்தை விட்டுவிடலாம், டீ குடிக்கலாம். மதுரை ஆட்டோ அண்ணன்களுக்கு எந்தக் கடையில் எப்போது இட்லி சூடாக இருக்கும் என்பது அத்துப்படி. வரலாறு அப்படியில்லை. தெப்பக்குளம் எப்போது வெட்டினார்கள் என்று கேட்டால் "அது நாயக்கர் காலம்ணே" என்பதோடு முடிந்துவிடும். இன்னொரு தொல்லை, கோபுரத்தை மாடியிலிருந்து பார்க்கலாம் என்று கைவினைப்பொருள் கடைக்குக் கூட்டிப்போவது. கமிஷனுக்காகத்தான். ஏறும்போதே "அண்ணே, கடைக்குப் போக வேண்டாம், இடக்கணக்கும் வேண்டாம், மணிக்கணக்குக்கு எவ்வளவு?" என்று தெளிவாகப் பேசிவிட்டால் பெரும்பாலும் பிரச்சனை வராது.

வழிகாட்டியோடு நடப்பதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். காரணம் இந்த ஊரின் அமைப்பு. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போட்ட ஊர் இது. ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குச் சந்து வழியாகக் கடந்துபோனால்தான் அந்த அமைப்பு காலில் ஏறும். வெளி வீதி ஏன் அத்தனை அகலம்? அங்கே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியை மூடினார். அவர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். தினமும் ஆயிரம் பேர் அதன் பெயரைச் சொல்லி பஸ்ஸில் இறங்குகிறார்கள், எதற்கு நிற்கிறது என்று நின்று கேட்பவர்கள் குறைவு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பத்துத் தூண் சந்து. ஜவுளிக்கடைகள் வாசல்வரை துணியைத் தொங்கவிட்டிருக்க, அந்தச் சந்தில் அண்ணாந்து பார்க்கவைக்கும் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கூரையும் சுவரும் இல்லை, வெறும் தூண்கள். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய துண்டு அது. மகாலுக்கும் இதற்கும் நடுவில் நடந்து பாருங்கள், அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைக்கும். டிக்கெட் வாங்கி மகாலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கிடைக்காது.

நல்ல வழிகாட்டியா என்று தெரிந்துகொள்ள, பணம் கட்டும் முன்பே போனில் ஒரு கேள்வி கேட்கலாம்: சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார் என்று தொடங்கி அவர் விரிவாகப் பேசினால் நம்பிப் போகலாம். கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல்காரர்களைக் காட்டுகிறேன் என்று சொன்னால் யோசியுங்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பார்கள் என்றாலும் எனக்கு உடன்பாடில்லை. கீழமாசி வீதி இரைச்சலில் பின்னால் நிற்பவர் காதில் ஒன்றும் விழாது.

கோயிலுக்குள் மட்டும் தனியாக ஒரு வழிகாட்டி வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அதுவும் செலவுக்குத் தகுந்த பலன்தான். கோயிலுக்குள் இருக்கும் நடராசர் சபையான வெள்ளியம்பலத்தில் அவர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்றக் கோயில்களில் தூக்கியிருப்பது இடது கால். பாண்டியன் வேண்டிக்கொண்டதால் இறைவன் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல். யாராவது கைகாட்டாவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகத் தாண்டிப் போய்விடுவோம். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் கூகுளும் துணைக்கு வராது.

சாப்பாட்டு நடை என்று மாலையில் கூட்டிப்போகிறார்களே, அதற்குப் பணம் கட்டலாமா? தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்குப் பாதி தேவையில்லை என்பது என் கருத்து. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, சிம்மக்கல் கோனார் கடைக் கறிதோசை, மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம் எல்லாம் வழி கேட்டே போய்விடலாம். ஆனால் தனியாகப் போனால் இரண்டாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும். குழுவாகப் போனால் ஒரு கறிதோசையை நாலாகப் பிய்த்துக்கொள்ளலாம்: அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி வறுவல், திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டது. ஒருவர் முழுசாகச் சாப்பிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

சாப்பாட்டு நடையில் நான் மதிப்பது பெயர்ப்பலகை இல்லாத இடங்களைத்தான். மகாலைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரர் தெருக்களில் முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி, பொரித்து, மேலே பொடி தூவித் தருவார்கள். எந்த வாசலில் எத்தனை மணிக்கு என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பருத்திப்பாலும் அப்படியே. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலைப் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவலோடு தம்ளரில் ஊற்றுவார்கள். கெட்டியாக, நாக்கில் லேசான காரத்தோடு இறங்கும். அது யார் கைப்பக்குவத்தில் நன்றாக வரும் என்று காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும்தான்.

ஊருக்கு வெளியே என்றால் கணக்கு மாறுகிறது. கீழடி அருங்காட்சியகம் பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார், அதற்கு ஆட்டோவோ பஸ்ஸோ போதும். உள்ளேயே விளக்கங்கள் நன்றாக இருக்கின்றன, வழிகாட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் பாறையில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கும், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. படித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் கீறல். மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் அப்படித்தான். இதற்குக் காசு வாங்கும் டூர் எதுவும், இப்படிப்பட்ட மலைகளுக்குக் கூட்டிப்போகும் பசுமை நடைக் குழுவுக்கு ஈடாகாது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் யானைமலையைக் காக்கும் முனைப்பில் தொடங்கியது அது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறைக்குப் பக்கத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகச் சொல்லக் கேட்கலாம். ஒரே குறை, அவர்கள் நடக்கும் நாளுக்கு நாம் போக வேண்டும். ஆகவே ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே அடுத்த நடை எந்த ஞாயிறு, எந்த மலை என்று விசாரித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலையில் ஊருக்குள் நடை, இரவு கறிதோசை, ஞாயிறு விடியலில் மலை என்று அமைந்தால் வேனுக்குப் பணமே கட்ட வேண்டியதில்லை.