புரோநோட்டுக் கடன்: ஆணை 37-இல் போவதா, 13-ஏ-வில் போவதா?

கடன் வாங்கியவர் கையெழுத்தை மறுக்கவில்லை, பணத்தையும் தரவில்லை. இதற்கெல்லாம் சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இரண்டு சுருக்கு வழிகள் இருக்கின்றன.

பழையது ஆணை 37. புரோநோட்டு, உண்டியல் (குறித்த தொகையைத் தரச் சொல்லி வியாபாரிகள் எழுதும் ஹுண்டிச் சீட்டு), எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் தொகை உறுதியாகத் தெரிகிற கடன் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் பிரதிவாதி ஆஜராக வேண்டும். வராவிட்டால் வாதி சொன்னது ஒப்புக்கொள்ளப்பட்டதாகி டிக்ரி (தீர்ப்பாணை) ஆகிவிடும். வந்தாலும் நேராக எதிர்வாதம் வைக்க முடியாது. வாதி அடுத்த சம்மனை அனுப்பியதும், இன்னொரு 10 நாளுக்குள் 'எதிர்த்து வழக்காட அனுமதி கொடுங்கள்' என்று மனு போட வேண்டும். எதிர்வாதம் வலுவாக இருந்தால் நிபந்தனை இல்லாமலே அனுமதி கிடைக்கும். நம்பும்படி இல்லாவிட்டால், பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி அனுமதி தரலாம். 2016-இல் ஹப்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் படிநிலைகளைத் தெளிவுபடுத்தியது. அனுமதி கிடைத்துவிட்டால், அப்புறம் அது சாதாரண தாவாதான்.

ஆணை 13-ஏ, 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தோடு வந்தது. ₹3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறுகளுக்கு மட்டும். சொந்தக்காரருக்குக் கொடுத்த கைமாற்று இதில் வராது. இங்கே சுமை இடம் மாறுகிறது: எதிராளி ஜெயிக்க உண்மையான வாய்ப்பே இல்லை என்று மனு போடுபவர்தான் காட்ட வேண்டும். வாதி, பிரதிவாதி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஆணை 37-இல் தொடங்கிய வழக்கில் 13-ஏ மனு போட முடியாது. அதனால் தாக்கல் செய்யும்போதே முடிவெடுத்துவிட வேண்டும்.

காகிதம் சுத்தமாக இருந்தால் நான் 37-ஐத்தான் சொல்வேன். அந்தச் 'சுத்தம்' என்பதில்தான் பலர் விழுகிறார்கள். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணன் கொண்டுவந்த நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. கையெழுத்தோ ஸ்டாம்பின் மேல் ஏறாமல் ஒரு விரல்கடை தள்ளிக் கீழே கிடந்தது. ஸ்டாம்பின் மேல் வேறு கோடோ கிறுக்கலோ கிடையாது. ஸ்டாம்பை ரத்து செய்யாவிட்டால், அதாவது மறுபடி பயன்படுத்த முடியாதபடி அதன் மேல் கையெழுத்தோ கோடோ போடாவிட்டால், அது ஒட்டாததற்குச் சமம். மற்ற பத்திரங்களைப் போல அபராதம் கட்டிப் புரோநோட்டைச் சரிசெய்யவும் சட்டம் விடாது. கடனைத் தனியாக நிரூபிக்கும் சாதாரண தாவாதான் அவருக்கு மிச்சம். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடனுக்கு அடமானமாக வீட்டுப் பத்திரத்தை டெபாசிட் வாங்கியவர்கள் இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். ஆணை 37-இல் பணத்துக்கு டிக்ரி வாங்கினாலும், அதை வைத்து அடமானச் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது. அதற்கு ஆணை 34-இன்படி அடமான வழக்கு தனியாகப் போட வேண்டும். காலக்கெடுவும் வேறு: அடமானத்துக்கு 12 வருஷம், கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குள் கொஞ்சமாவது பணம் வந்தால், நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதி, கொடுத்தவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கும்.