எலும்பு கரைந்த கடைவாய்ப் பல்: வேர் சிகிச்சைக்குப் பிந்தைய சில ஆண்டுகள்

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைச் சுற்றி எலும்பு வெகுவாகக் கரைந்துவிட்டது, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்றார்கள். வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துகொண்டு, அந்தப் பல்லால்தான் இன்றும் மெல்லுகிறேன். ஆனால் எலும்பு கரைந்த எல்லாப் பற்களையும் வேர் சிகிச்சை காப்பாற்றும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் பல் பிழைத்ததற்குக் காரணம், எலும்பு ஏன் கரைந்தது என்பதை இரண்டாவது மருத்துவர் முதலில் தேடியதுதான்.

குளிர்ச்சி வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பற்கள் கூசின. இதில் உணர்வே இல்லை, நரம்பு செத்திருந்தது. ஈறைச் சுற்றி ஆழம் அளந்தபோது மற்ற இடங்களில் 3 மில்லிமீட்டருக்குள் நின்ற கருவி, ஓரிடத்தில் மட்டும் குறுகலாக வேர்நுனிப் பக்கம் இறங்கியது. கால்வாய்க்குள் இருந்த தொற்றின் சீழ் அந்த வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலும் இப்படியே இறங்கும் என்பதால், நுண்ணோக்கி வைத்து அதையும் பார்த்தார். விரிசல் இருந்திருந்தால் பெரும்பாலும் பல்லை எடுக்க வேண்டியதாகியிருக்கும்.

ஈறு நோயால் எலும்பு கரைவது வேறு கதை. பெரும்பாலும் பல பற்களில், அகலமான பள்ளங்களாக இருக்கும். நரம்பு உயிரோடு இருக்கும். அங்கே வேர் சிகிச்சையால் எலும்பு திரும்பாது, ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு நோயும் சேர்ந்திருந்தால், வேர் சிகிச்சையால் ஒரு பகுதிதான் மீளும்.

சிகிச்சையில் வலி குறைவு. கால்வாயைக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, சீழ் நின்ற பிறகே அடைத்தார்கள், மேலே கிரௌன் என்னும் உறை. உண்மையான சோதனை காத்திருப்புதான். ஈறு சீக்கிரமே ஆறியது, பல்லின் ஆட்டம் மெல்லக் குறைந்தது, எலும்போ அவசரப்படவில்லை. முதல் மறுபரிசோதனை எக்ஸ்ரேயில் பெரிய மாற்றம் தெரியாதபோது மனம் சோர்ந்தது. ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் எலும்பு கரைந்த இடத்தைக் காட்டும் கரிய நிழல் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. எலும்பு மீள 4 ஆண்டுகள் வரைகூட ஆகலாம். ஈறு அறுவை சிகிச்சையை உடனே செய்யாமல் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கச் சொன்ன அறிவுரைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கடைசியில் அது தேவைப்படவே இல்லை.

வேர்கள் பிரியும் இடத்தில் மட்டும் எலும்பு முழுதாக நிரம்பவில்லை. அங்கே உணவு தங்குவதால் பல்லிடுக்குத் தூரிகையைத் தினமும் பயன்படுத்துகிறேன்; மருத்துவர் ஒவ்வொரு முறையும் அந்த ஆழத்தை அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுகிறார்.