எடவப்பாதியில் வீடு பார்த்த கதை

ஜூன் முதல் வாரம், எங்கள் பக்கம் எடவப்பாதி என்று சொல்கிற பருவமழை தொடங்கும் நேரத்தில், ஊருக்கு வருகிறேன் என்றதும் "மழையில வந்து என்ன செய்யப் போற?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கம்பெனியில் லீவு கிடைத்தது அப்போதுதான். 24 நாள். அதற்குள் அம்மாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் மாடிப்படி இல்லாத ஒரு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டு டொராண்டோ திரும்ப வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை தாண்டி வீடு சேரும் வரை காரின் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது.

புரோக்கர் காட்டிய மூன்றாவது வீடு அம்மாவுக்குப் பிடித்துப்போனது. முன்பக்கம் மங்களூர் ஓடு, பின்னால் பிற்பாடு சேர்த்துக் கட்டிய காங்கிரீட் அடுக்களை, ஒரு அறை. நல்ல கிணறு. வாசலில் அயனி மரம். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயின்ட் மணம். எனக்கும் அந்த மணம் பிடித்திருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மறுநாளே 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

இதே நான் டொராண்டோவில் இன்ஸ்பெக்டர் பார்த்து ரிப்போர்ட் தந்தால்தான் வாங்குவேன் என்று கண்டிஷன் எழுதி வீடு வாங்கியவன். ஐந்நூறு டாலர் போலச் செலவு. கூரை முதல் சாக்கடைக் குழாய் வரை போட்டோவோடு நாற்பது பக்கம். (2021இல் விலை ஏறிய வேகத்தில் அங்கேயே பலர் அந்தக் கண்டிஷனைக் கைவிட்டார்கள், அது வேறு கதை.) ஊரில் இறங்கியதும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் சித்தப்பா தனக்குப் பழக்கமான கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறுபது தாண்டிய ஆள், கையில் ஒரு விளக்குமாற்றுக் கம்பு மட்டும். சுவரையோ டைல்ஸையோ அவர் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய்க் கம்பின் அடியால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக். ஜன்னல் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது, பொத், பொத். அங்கே இன்னொரு தட்டு. தோசைக்கல் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாகத் துருவேறிக் கிடந்தது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைத் தள்ளும். அதைப் பெயின்ட் தடுக்காது.

அடுத்தது ஓடும் காங்கிரீட்டும் சேருகிற இடம். அங்கே மழைத் தண்ணீர் வடியப் போட்டிருந்த தகரப் பாத்தி ஓட்டை விழுந்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமான கழிக்கோல் ஒன்றில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், பிடிவரை போனது. வெளியே எடுத்ததும் ரவை மாதிரிப் பொடி கொட்டியது. வடக்குச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்து எனக்குக் காட்டினார், வெள்ளையாய் உப்பு. "கடல் மண்ணப் போட்டுப் பூசியிருக்கானுவோ. பெயின்ட் மணம் அடிக்க வீட்ட நம்பப்பிடாது மக்கா" என்றார். மொத்தம் முக்கால் மணி நேரம். காசு வாங்க மறுத்துவிட்டார், டீ மட்டும்.

விற்பவர்கள் தரப்பில் போனில் பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார்: "அதுக்கென்ன சார், நாங்களே சரி பண்ணித் தந்துருவோம்." எனக்கு நிம்மதி. கொத்தனார் மட்டும் வேண்டாம் என்றார். "விக்கப்போறவன் செய்ற வேலை, படம் எடுக்க நல்லா இருக்கும்." நான் கேட்கவில்லை. லீவில் வந்தவனுக்கு யாராவது வேலையை எடுத்துக்கொண்டால் போதும் என்றுதானே இருக்கும்.

நான்கு நாளில் முடித்தார்கள். பெயர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டாமலே சிமென்ட் அப்பி, மேலே புட்டி, அதற்கு மேல் பெயின்ட். பாத்தியில் தார்ச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சனிக்கிழமை பெய்த மழையில் பழைய கறை இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் புதுக் கறை வந்தது.

அதன் பிறகுதான் வக்கீலிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் சொன்னது: 1882ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் வாங்குபவர் கண்ணில் படாத பெரிய குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், சொல்லியே ஆகவேண்டும். ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் வீட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதும் விற்பவர் பொறுப்பு. பில்டர் கட்டி விற்கிற புது வீடானால் 2016இல் வந்த ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஐந்து வருடத்துக்குக் கட்டுமானக் குறைகளை அவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தனியார் விற்கிற பழைய வீட்டுக்கு அது இல்லை. "கோர்ட்டுக்குப் போகலாம். உங்க லீவு எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆகவே ரிப்பேரை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன். கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் மூவரும் எழுதித் தந்த கணக்கை ஒரே தாளில் சேர்த்தால் 2 லட்சத்து 80 ஆயிரம். அதை விலையில் குறையுங்கள், வேலையை நாங்கள் செய்துகொள்கிறோம் என்றேன். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் 2 லட்சத்து 30-க்கு வந்தார்கள். புதிய விலையையும் இருக்கிற குறைகளையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வாய்ப் பேச்சை நம்பி விமானம் ஏற எனக்குத் தைரியமில்லை.

மற்ற சேவைகளைப் பற்றியும் கேட்பீர்கள். எலக்ட்ரீஷியன் பையன் தங்கம். சொன்ன நேரத்துக்கு வந்தான், எர்த் கம்பியே இல்லாத மூன்று பிளக்குகளைக் கண்டுபிடித்தான், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி போடாமல் ஹீட்டரைத் தொடாதீர்கள் என்று அம்மாவை மிரட்டிவிட்டுப் போனான். பிளம்பர் நான்கு நாள் "வந்துட்டே இருக்கேன்" என்றார், இன்னும் வந்துகொண்டிருக்கிறார். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றதற்கு புரோக்கர் முகம் சுளித்தார், திறந்தோம், பரவாயில்லை.

அதிசயம் மூலப்பத்திரம்தான். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகாக்கள் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தவை. ஆகவே கொல்லம் ஆண்டு 1118 (அதாவது 1942–43) என்று தேதியிட்ட பத்திரம் மலையாளத்தில் இருந்தது, கை எழுத்தில். ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு மணி நேரம் படித்துச் சொன்னார். கிணற்றில் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் எடுக்கும் உரிமை உண்டு என்று அதில் ஒரு வரி. வில்லங்கச் சான்றில் அது இல்லை. அம்மா "எடுத்துட்டுப் போகட்டுமே" என்று முடித்துவிட்டாள்.

பத்திரப் பதிவுக்கு ஆன்லைனில் டோக்கன் எடுத்து, 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டி, மதியத்துக்குள் வெளியே வந்தோம். ரிப்பேரைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு 23ஆம் நாள் ராத்திரி விமானம் ஏறினேன்.

ஐப்பசி மழையில் சித்தப்பா வீடியோவில் கூப்பிட்டார். மேல்தளம் காய்ந்திருந்தது, பாத்தி வழியாகத் தண்ணீர் ஓடியது. கேமராவைத் திருப்பும்போது அடுக்களை மூலையில் ஒரு அலுமினியச் சட்டி தெரிந்தது, அதில் சொட்டுச் சத்தம்.

"அது என்ன சித்தப்பா?"

"அது புகைபோக்கிப் பக்கம். கொத்தனார்ட்ட சொல்லியாச்சு, தையில பாக்காராம்."

அம்மா பின்னாலிருந்து, "சட்டி நிறைஞ்சா செடிக்கு ஊத்துறேன், நீ போனை வை" என்றாள்.