ஒற்று விட்டாலும் நல்ல கடை: ஹட்டனில் ஒரு பிரேம் கடை

எங்கள் பெரியப்பா இலங்கை மலையகத்தில் 41 வருடம் பிரதேச நிருபர். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கூரை பறந்தது, கொழுந்துக் கூடையோடு பள்ளத்தில் விழுந்தது என்று எழுதி, தலவாக்கலை தபாலில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் பேப்பருக்காகக் காத்திருப்பார். 2003 இல் இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தபோது செய்தியோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்.

அவருக்கான பாராட்டு விழாவுக்கு, அவருடைய முதல் செய்தித் துண்டை பிரேம் போட ஹட்டனில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடதாசி மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருந்தது. கடைக்காரர் அதை ஒட்டவே இல்லை. "இந்தப் பனியில பசை போட்டா பூஞ்சணம் வரும் தம்பி" என்றார். கண்ணாடியில் படாமல் சுற்றிலும் தடித்த அட்டை வைத்து, பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் டேப்பால் மூடினார். மூன்று மழை போயும் ஒரு புள்ளி இல்லை.

ஆனால் சொன்ன நாளில் தரவில்லை, இரண்டு தடவை பஸ் ஏறினேன். கீழே பொறித்த தகட்டில் 'பத்திரிகை துறை' என்று இருந்தது. மேடையில் பொன்னாடையோடு அதை வாங்கிய பெரியப்பா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஒற்று எங்கடா?"

தகட்டை இலவசமாக மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். பெரியப்பா விடவில்லை, பேனாவால் தானே 'த்' போட்டுக்கொண்டார்.